முழங்கால் குருத்தெலும்பு: மலிவான ஆபரேஷன் உண்மையிலேயே மலிவுதானா?

2018 ஜனவரி 14, இரவு

லீட்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே:

"அக்கா, என் தங்கச்சிக்கு 26 வயசு. ஃபுட்பால் ஆடும்போது முட்டி திரும்பி, தொடையெலும்பு முனையில குருத்தெலும்பு ஒரு துண்டு பேந்துடுச்சு. எலும்புல சின்னச் சின்னத் துளை போடுற மைக்ரோஃப்ராக்சர் பண்ணலாம்னு சொல்றாங்க. ஏசிஐ-னு செல் வளர்த்து வைக்கிற முறையும் இருக்காம், செல்லுக்கு மட்டுமே சுமார் 16,000 பவுண்டு. நார்வேயில 15 வருஷம் தொடர்ந்து பார்த்தும் ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லையே? அப்புறம் எதுக்கு அரசாங்கம் இதுக்குப் பணம் கட்டணும்? மலிவானதே போதும்னுதான் எனக்குத் தோணுது."

தம்பி, எனக்கு 2012-இல் வலது முழங்காலில் மைக்ரோஃப்ராக்சர் செய்தார்கள். வேலை கணக்கெழுதுவது. அதனால் இந்தக் கேள்வியை நோயாளியாகவும் பார்த்திருக்கிறேன், கணக்காகவும் போட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆபரேஷனுக்குக் கையொப்பம் போடுவதற்கு முன், அந்தக் குழி எத்தனை சதுர செ.மீ. என்று தங்கச்சியைக் கேட்கச் சொல்லுங்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

2018 ஜனவரி 15

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் அது தானாக ஆறுவதில்லை. அழிந்த குருத்தெலும்பு திரும்பி வராது என்று வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதிவிட்டார். அதன் பிறகு வந்த எல்லா முறைகளும் இந்த ஒரு வரியோடு போடும் சண்டைதான்.

மைக்ரோஃப்ராக்சர், அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் வேல் ஊரில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980-களில் கொண்டுவந்தது. குழியின் ஓரங்களைச் சுரண்டிச் செங்குத்தாக்குவார்கள். பிறகு வளைந்த ஊசிமுனைக் கருவியால் அடியிலுள்ள எலும்பில் 3, 4 மி.மீ. இடைவெளி விட்டுச் சிறு துளைகள் போடுவார்கள். ஆபரேஷனுக்காக மூட்டுக்குள் ஓடவிடும் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைத்ததும் ஒவ்வொரு துளையிலிருந்தும் ரத்தமும் கொழுப்புத் துளிகளும் கசியும். என் ஆபரேஷன் படங்களை எனக்குக் கொடுத்தார்கள். வெள்ளைத் தரையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், நடவு நட்ட மாதிரி. என் மகள் அப்போது ஆறு வயது, "அம்மா முட்டிக்குள்ள தோட்டம் போட்டிருக்காங்க" என்றாள்.

விளைச்சல் என்னவோ வேறு பயிர். அந்த ரத்தக்கட்டியிலிருந்து வளர்வது பெரும்பாலும் நார்க்குருத்தெலும்பு. முதலில் இருந்த வழவழப்பான கண்ணாடிக் குருத்தெலும்புக்கு உள்ள தாங்குதிறன் இதற்குக் கிடையாது. முதல் இரண்டு வருடம் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் தளர்வது இதில் பலருக்கும் நடப்பதுதான். எனக்கு மூன்றாவது வருடம். மாடிப்படி இறங்கும்போது பழைய வலி பழைய இடத்திலேயே வந்து நின்றது.

ஏசிஐ-யில் இரண்டு ஆபரேஷன். முதலில் பாரம் விழாத ஓரத்திலிருந்து அரிசி மணி அளவுக்குக் குருத்தெலும்பு எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் செல்களை வளர்த்து, மறுபடி திறந்து குழியில் வைப்பார்கள். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 1987-இல் தொடங்கியது. பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு 1994-இல் 23 பேரின் முடிவுகளை வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

2018 ஜனவரி 15, பின்னிரவு

நார்வே ஆய்வைப் பற்றி. தம்பி சொன்னது சரி. 80 பேர், இரு பக்கமும் 40, 40. பதினைந்து ஆண்டு முடிவில் தோல்வி ஏசிஐ-யில் 17 பேர், மைக்ரோஃப்ராக்சரில் 13 பேர். எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தொடங்கியிருந்தது ஏசிஐ பக்கம் 57 சதவீதம், இன்னொரு பக்கம் 48. ஏசிஐ-க்கு ஆதரவாகப் பேசுகிற யாரும் இந்த எண்களைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

ஆனால் அதில் செய்தது முதல் தலைமுறை ஏசிஐ. முழங்காலுக்குக் கீழே, முன்கால் எலும்பின் மேலுறையை உரித்து, குழியின் மேல் தையல் போட்டு, அதற்குள் செல்களை ஊசியால் விடும் முறை. அந்த உறையே தடித்து வளர்ந்து மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் நிறைய. பிறகு வந்தது கொலாஜன் சவ்வில் செல்களை ஏற்றி ஒட்டுவது. அதை மைக்ரோஃப்ராக்சரோடு ஒப்பிட்ட சம்மிட் ஆய்வில் 144 பேர், எல்லோருக்கும் குழி 3 சதுர செ.மீ. அல்லது அதற்கு மேல். இரண்டு ஆண்டு முடிவில் வலியிலும் செயல்பாட்டிலும் செல் வைத்தவர்கள் மேல்.

அளவை ஏன் கேட்கச் சொன்னேன் என்பது இப்போது புரியும்.

2018 ஜனவரி 21

கணக்கு. பிரிட்டனில் ஒரு சிகிச்சைக்கு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் பணம் கட்டலாமா என்று பார்ப்பது நைஸ் நிறுவனம். அவர்களுடைய அளவுகோல் தரம் சேர்த்த ஆயுள் ஆண்டு: முழு ஆரோக்கியத்தோடு வாழ்ந்த ஒரு ஆண்டுக்கு 1, வலியோடு நொண்டிக்கொண்டு வாழ்ந்த ஆண்டுக்கு அதைவிடக் குறைவு. கூடுதலாகக் கிடைக்கும் ஒரு ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை செலவானால் பொதுவாக ஏற்பார்கள் (2018 நிலவரம்).

என் மாதிரிக் கணக்கு, புரிந்துகொள்வதற்காக மட்டும். ஏசிஐ-க்கு ஆகும் கூடுதல் செலவு 18,000 பவுண்டு என்று வைப்போம். நல்ல முட்டியால் ஆண்டுக்கு 0.05 கூடுதல் தரம், அது 20 ஆண்டு நீடிக்கிறது. 20 × 0.05 = 1. ஆக ஒரு ஆண்டு ஆயுளுக்கு 18,000. வரம்புக்குள்.

2018 ஜனவரி 22

நேற்றுப் போட்டது தப்பு. இருபது வருடம் கழித்து வரும் நன்மையை இன்றைய மதிப்புக்குக் குறைக்காமல் விட்டுவிட்டேன். நைஸ் ஆண்டுக்கு 3.5 சதவீதம் கழிக்கும். அப்படிக் கழித்தால் 20 ஆண்டு நன்மை 1 அல்ல, 0.71. ஒரு ஆண்டுக்கான செலவு சுமார் 25,300 பவுண்டு ஆகிறது. இன்னும் வரம்புக்குள்தான், ஆனால் மேல் பாதியில்.

நன்மை 10 ஆண்டுதான் நீடிக்கிறது என்றால்? 0.42. செலவு சுமார் 43,300. வரம்புக்கு வெளியே.

கூடுதல் செலவு முழுவதும் முதல் ஆண்டிலேயே கட்டப்படுகிறது. நன்மையோ துளித் துளியாக வருகிறது. எத்தனை ஆண்டு நீடிக்கிறது என்பதுதான் தீர்ப்பு. ஆபரேஷன் நேரம், படுக்கைக் கட்டணம் எல்லாம் அதற்குப் பக்கத்தில் சில்லறை. இரண்டு வருட ஆய்வை வைத்துக்கொண்டு "வித்தியாசம் இல்லை, மலிவானதே போதும்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

நைஸ் இதில் தடுமாறியது தேதிகளிலேயே தெரியும். 2000-இல் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றது. 2005-இல் ஆய்வுகளுக்குள் மட்டும் செய்யலாம் என்றது. நீண்ட காலத் தரவுகள் சேர்ந்த பிறகு, போன அக்டோபரில், 2017-இல், சரி என்றது.

2018 ஜனவரி 28

அந்தச் "சரி"யோடு வந்த நிபந்தனைகளை எல்லோரும் படிக்க வேண்டும். குழி 2 சதுர செ.மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இதற்கென்று உள்ள பெரிய சிறப்பு மையத்தில்தான் செய்ய வேண்டும். நான்காவதாக, அந்தக் குருத்தெலும்பைச் சரிசெய்ய முன்பு எந்த ஆபரேஷனும் செய்திருக்கக் கூடாது.

அந்த நான்காவது வரியை நான் படித்தது பஸ்ஸில். இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய்த்தான் இறங்கினேன்.

என் குழி 3.1 சதுர செ.மீ. அதில் துளை போட்டாயிற்று. கதவு சாத்தியாயிற்று.

நிபந்தனைக்குக் காரணம் உண்டு. பாஸ்டனில் 321 நோயாளிகளைப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள்: புதிய குழியில் ஏசிஐ செய்தபோது தோல்வி 8 சதவீதம். முன்பே துளைபோட்ட எலும்பின் மேல் செய்தபோது 26 சதவீதம். மூன்று மடங்கு. துளைபோட்ட எலும்பு தடித்துப்போகிறது, சில இடத்தில் மேடு தட்டுகிறது. அதன் மேல் எந்த நாற்றும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை.

அதனால்தான் "முதலில் மலிவானதைச் செய்து பார்ப்போம், சரிவரவில்லை என்றால் பெரியதைச் செய்வோம்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கொதிக்கிறது. முதல் ஆபரேஷனின் விலையில் இரண்டாவதின் தோல்வியும் சேர்ந்திருக்கிறது. அந்த வரியை எந்த ரசீதிலும் அச்சடிப்பதில்லை. எனக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் இதை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

2018 பிப்ரவரி 3

போன குறிப்பின் கடைசி வரியை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது நியாயமில்லை. 2012-இல் நடப்பில் இருந்தது 2005-இன் விதி. ஏசிஐ ஆய்வுகளுக்குள் மட்டும். என் சர்ஜன் முன்னால் இருந்த கதவு, அவர் கையால் திறக்கக்கூடியது, மைக்ரோஃப்ராக்சர் ஒன்றுதான். சேர்வதற்கு ஏதாவது ஆய்வு இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது. சொல்லாதது குறை என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், மற்றதை எடுத்துவிடுங்கள்.

2018 பிப்ரவரி 4

ஒருவர் மொசைக்பிளாஸ்டி பற்றிக் கேட்டிருந்தார். ஹங்கேரியில் லாஸ்லோ ஹங்கோடி கொண்டுவந்த முறை. பாரம் விழாத ஓரத்திலிருந்து எலும்போடு சேர்த்துச் சிறு உருளைகளாக எடுத்து, குழியில் பக்கம் பக்கமாக அடித்துச் சொருகுவது. ஆய்வகம் வேண்டாம், ஒரே ஆபரேஷன், செலவும் குறைவு. சின்னக் குழிக்கு நல்லது என்கிறார்கள். பெரிய குழிக்கு? லண்டன் பக்கத்து ஸ்டான்மோரில் 100 பேரை ஒப்பிட்டார்கள். பத்தாண்டு கடந்து பார்த்தபோது மொசைக்பிளாஸ்டி தோல்வி 55 சதவீதம், ஏசிஐ தோல்வி 17. எடுத்த இடத்திலும் வலி வரலாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது போல.

2018 பிப்ரவரி 18

திருச்சியிலிருந்து ஒரு தங்கை: "அம்மாவுக்கு 63 வயசு. ரெண்டு முட்டியும் தேய்மானம். ஜவ்வு வளர்த்து வைக்கலாம்னு ஒரு இடத்துல சொல்றாங்க, லட்சக்கணக்குல கேக்குறாங்க. பண்ணலாமா?"

வேண்டாம்மா. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஜவ்வு என்று ஒரே சொல். எலும்பையும் எலும்பையும் கட்டுகிற தசைநார் கிழிந்தாலும் ஜவ்வு, நடுவிலிருக்கிற பிறை வடிவ மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு போனாலும் ஜவ்வு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இங்கே பேசிக்கொண்டிருப்பது மூன்றாவது, அதிலும் நல்ல மூட்டில் விழுந்த ஒற்றைக் குழி. சாலையில் ஒரு பள்ளம் விழுந்தால் அடைக்கலாம். சாலையே அரித்துப் போயிருந்தால் எதில் அடைப்பது? அம்மாவுக்கு இருப்பது அரித்துப் போன சாலை. தேய்மானத்துக்கு, மூட்டுக்குள் கேமரா விட்டுக் கழுவிச் சுரண்டும் ஆபரேஷனும் வேண்டாம். ஹூஸ்டனில் 180 பேரை வைத்துப் பார்த்தார்கள், தோலை மட்டும் கீறித் தைத்தவர்களுக்கும் அதே பலன்தான் என்று 2002-லேயே வெளிவந்துவிட்டது. எடைக் குறைப்பு, தொடைத் தசைக்குப் பயிற்சி, முடியாத கட்டத்தில் மூட்டு மாற்று. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்திருக்கிறது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிரிட்டிஷ் கணக்கை அப்படியே திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இங்கே கட்டுவது என்எச்எஸ். அங்கே பெரும்பாலும் நகையை அடகு வைத்துக் கட்டுகிறோம். 20,000, 30,000 என்ற கோடு அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

2018 பிப்ரவரி 25

நைஸ் கணக்கில் இல்லாத ஒன்று: சம்பள இழப்பு. அவர்கள் மருத்துவச் செலவையும் சமூகப் பராமரிப்புச் செலவையும்தான் எண்ணுவார்கள். நான் ஆறு வாரம் ஊன்றுகோல். காலை முழுதாகத் தரையில் ஊன்றக் கூடாது. தட்டில் சோறு போட்டு அடுப்படியிலிருந்து மேஜைக்குக் கொண்டுவர முடியாது, இரண்டு கையும் கோலில். டிபன் பாக்ஸில் போட்டுக் கழுத்தில் பையாக மாட்டிக்கொண்டு வந்தேன். மூன்று மாதம் அரைச் சம்பளம். ஏசிஐ-யில் இது இன்னும் நீளம், ஓட்டம் ஆட்டமெல்லாம் ஒரு வருடம் தாண்டித்தான். தங்கச்சி நின்றுகொண்டே செய்கிற வேலையில் இருந்தால் இதையும் எழுதிப் பாருங்கள். இந்த ஒரு வரி மைக்ரோஃப்ராக்சர் பக்கம் சாய்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்ப் பக்கத்தில், ஐம்பதுகளின் தொடக்கத்தில் மூட்டு மாற்றிக்கொள்ளும் ஆண்களில் ஏறத்தாழ 35 சதவீதம் பேருக்கு ஆயுளுக்குள் அதை மறுபடி மாற்ற வேண்டிவரும் என்று போன வருடம் பிரிட்டிஷ் தரவிலிருந்து வந்தது. எழுபதுக்கு மேல் மாற்றியவர்களுக்கு 5 சதவீதம் போலத்தான். 26 வயதில் விழுந்த குழியைப் பத்து வருடம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்க வைத்தாலே அது பெரிய விஷயம்.

2018 மார்ச் 9

புதன்கிழமை நைஸ் ஸ்பீராக்ஸுக்கும் சரி சொல்லிவிட்டது. நோயாளியின் செல்களைச் சின்ன உருண்டைகளாக வளர்த்துக் குழியில் விடுவது, சவ்வு வேண்டாம். பட்டியல் விலை 10,000 பவுண்டு, வரி தனி. என் ஜனவரி 22 கணக்கில் கூடுதல் செலவை 18,000-க்குப் பதில் 12,000 என்று போட்டுப் பார்த்தேன். 20 ஆண்டு நீடித்தால் ஒரு ஆண்டுக்குச் சுமார் 16,900. பத்தே ஆண்டு நீடித்தாலும் 28,900, வரம்புக்குள். செல்லின் விலை இறங்கினால் தீர்ப்பே மாறுகிறது.

செல் விலை பற்றி ஒரு கவலையும் உண்டு. போன முறை நைஸ் ஆராயத் தொடங்கிய இரண்டு கம்பெனிப் பொருட்களும், மேசியும் காண்ட்ரோசெலெக்டும், தீர்ப்பு வருவதற்குள் ஐரோப்பியச் சந்தையை விட்டே போய்விட்டன. ஆஸ்வெஸ்ட்ரியில் ராபர்ட் ஜோன்ஸ் அண்ட் ஆக்னஸ் ஹன்ட் மருத்துவமனை தன் ஜான் சார்ன்லி ஆய்வகத்திலேயே செல் வளர்க்கிறது. அப்படி அரசு மருத்துவமனையே வளர்ப்பதுதான் நிலைக்கும் என்று எனக்குப் படுகிறது. கம்பெனி கடையைச் சாத்தினால் நோயாளி எங்கே போவது?

நிபந்தனைகள் பழையவைதான். நான்காவது வரியும் அப்படியே இருக்கிறது.

2018 மார்ச் 24

தம்பியிடமிருந்து: "அக்கா, எம்ஆர்ஐ வந்துடுச்சு. 1.7 சதுர செ.மீ. அப்போ ஏசிஐ கிடையாதுதானே? மைக்ரோஃப்ராக்சர் ஏப்ரல் கடைசியில."

ஆமாம், 1.7 என்றால் கிடையாது. சின்னக் குழிக்கு மைக்ரோஃப்ராக்சர் நியாயமான சிகிச்சைதான், இத்தனை நாள் எழுதியதை வைத்துப் பயந்துவிட வேண்டாம். ஆனால் எம்ஆர்ஐ அளவு கடைசி அளவல்ல. உள்ளே போய், தளர்ந்த ஓரங்களையெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்த பிறகு குழி படத்தில் கண்டதைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். 1.7 அங்கே 2.3 ஆகலாம். தங்கச்சி மயக்கத்தில் இருப்பாள். அந்த நேரத்தில் யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை.

அதனால் முன்கூட்டியே சர்ஜனிடம் பேசி, சம்மதப் படிவத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்: சுத்தம் செய்து அளந்தபின் 2-ஐத் தாண்டினால் துளை போடாமல் வெளியே வர வேண்டும்.

2018 மார்ச் 25

இன்னொன்று விட்டுப்போனது, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு இப்போது வலி எப்படி? ஃபிசியோ முழுதாகச் செய்தாளா? அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முழங்கால்களுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது 63 சதவீதத்தில் ஏதோ ஒரு குருத்தெலும்புச் சேதம் இருந்தது. எல்லாச் சேதமும் வலிப்பதில்லை. நார்வேயில் இப்படிக் குழி உள்ளவர்களுக்கு மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி கொடுத்தபோது பாதிக்கு மேற்பட்டோர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். செலவுக் கணக்கில் அதை எந்த ஆபரேஷனும் தொட முடியாது. துளையைப் பிறகும் போடலாம், போட்டதை எடுக்க முடியாது.

2018 மே 2

தம்பியின் செய்தி:

"அக்கா, ஃபிசியோ நாலு மாசமா பண்ணிட்டுத்தான் இருந்தா, படியில முட்டி மாட்டிக்கிறது நிக்கல. போன வெள்ளி உள்ள போனாங்க. ஆடிக்கிட்டிருந்த துண்டை எடுத்து, ஓரத்தைச் சுத்தம் பண்ணி அளந்தப்போ 2.6. படிவத்துல எழுதினபடி துளை போடல. சிறப்பு மையத்துக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. சர்ஜன் கோவிச்சுக்கல, நீங்க கேட்டது நல்லதுன்னு சொன்னாராம். மாட்டிக்கிறது இப்ப இல்ல, வலி கொஞ்சம் இருக்கு."

2.6. ஓரத்தை மட்டும் சுத்தம் செய்ததைச் சரிசெய்யும் ஆபரேஷனாக எண்ண மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தச் சிறப்பு மையத்தில் முதல் நாளே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள், தம்பி. ஆபரேஷன் குறிப்பின் நகலும் படங்களும் அவள் கையில் இருக்கட்டும். அதுவரை தொடைப் பயிற்சியை விட வேண்டாம்.